தேதித் தாளும் தென்கச்சியும்

ஊக்கம் தரும் ஒரு வார்த்தை, வாய்விட்டுச் சிரிக்க ஒரு துணுக்கு, "அட, அப்படியா!" என்று சொல்லவைக்கும் ஒரு செய்தி. இந்த மூன்றையும் சாதாரணத் தமிழ்க் குடும்பங்களுக்கு நாள் தவறாமல் கொண்டுவந்து சேர்த்தவை என்று இரண்டைச் சொல்லலாம். ஒன்று, சிவகாசியிலும் அதை ஒட்டிய விஸ்வநத்தம் போன்ற ஊர்களிலும் அச்சாகிற தினசரி காலண்டரின் தேதித் தாள். மற்றது, அகில இந்திய வானொலியில் தென்கச்சி கோ. சுவாமிநாதன் சொல்லிவந்த 'இன்று ஒரு தகவல்'.

இரண்டுக்கும் பொதுவானவை நிறைய. இரண்டும் சிறியவை, தாளில் ஓரிரு வரி, வானொலியில் சில நிமிடம். இரண்டுக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. காலண்டர் நகைக்கடையிலோ மளிகைக்கடையிலோ கிடைத்துவிடும்; வானொலி காற்றில் வந்துவிடும். படித்தவர், படிக்காதவர், முதலாளி, கூலியாள் என்ற பேதம் இரண்டிலும் கிடையாது. ஆனால் பலனில் பெரிய வேறுபாடு உண்டு. சுவாமிநாதன் 2009இல் மறைந்தார். இன்றும் ஐம்பது வயதைக் கடந்த யாரிடமாவது அவர் பெயரைச் சொன்னால் அவர் சொன்ன கதை ஒன்று கூடவே வரும். அதே ஆளிடம் நேற்று கிழித்த தேதித் தாளில் என்ன பொன்மொழி இருந்தது என்று கேட்டால் பதில் வராது. ஏன் இப்படி? இந்த ஒப்பீடு அதற்கு விடை தேடுகிறது.

அச்சில் பிறந்தது

தேதித் தாளின் வேர் தீப்பெட்டியில் இருக்கிறது. 1920களின் தொடக்கத்தில் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். மழை பொய்த்த கரிசல் மண்ணுக்கு அதனால் ஒரு பிழைப்பு வந்தது. தீப்பெட்டி என்றால் அதன்மேல் ஒட்ட லேபிள் வேண்டும். லேபிளுக்கு வண்ண அச்சு வேண்டும். அந்தத் தேவைக்காக 1928இல் கே.எஸ்.ஏ. அருணகிரி நாடார் சிவகாசியில் லித்தோ அச்சகம் தொடங்கினார். பின்னால் பட்டாசு வந்தது; அதற்கும் லேபிள் வேண்டியிருந்தது. லேபிள் அச்சடித்த இயந்திரங்களே பிறகு காலண்டரும் அச்சடித்தன. பக்கத்துக் கோவில்பட்டியில் 1940களிலிருந்து குடியிருந்து வரைந்த ஓவியர் சி. கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் முருகனையும் லட்சுமியையும் சரஸ்வதியையும் வரைந்து கொடுத்தார்கள். சிவகாசி அச்சு அந்தத் தெய்வங்களை ஊர் ஊராக வீட்டுச் சுவர்களில் ஏற்றியது.

இன்றைக்கும் காலண்டர்த் தொழிலின் ஆண்டு ஆடிப்பெருக்கில் தொடங்குகிறது. அன்று பூஜை போட்டு அடுத்த ஆண்டுக்கான மாதிரி ஆல்பத்தை வெளியிடுவார்கள். ஏஜெண்டுகள் அதைச் சுமந்துகொண்டு கடை கடையாக ஏறி ஆர்டர் பிடிப்பார்கள். ஆவணிக்கு மேல் வேலை சூடுபிடிக்கும். தேதித் தாள்களைப் பெரிய காகிதத்தில் சேர்த்து அச்சடித்து, வெட்டி, ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை வரிசை பிசகாமல் அடுக்கி, சாமி படம் போட்ட அட்டையில் பொருத்தி, கீழே கடையின் பெயரையும் முகவரியையும் போனையும் அச்சடிப்பார்கள். விஸ்வநத்தத்தில் பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு அச்சு வேலையும் புதிதல்ல. ஒரே வீட்டில் ஒருவர் சரவெடி பின்னப் போவார். இன்னொருவர் அச்சகத்தில் தாள் அடுக்கப் போவார்.

அந்தத் தாள் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்போம். வியாழக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பெரிய எண்ணில் தேதி. அதைச் சுற்றித் தமிழ் ஆண்டு, தமிழ் மாதம், ஹிஜ்ரி தேதி. நட்சத்திரம், திதி, யோகம். ராகு காலம் 1.30 முதல் 3 வரை. எமகண்டம் 6 முதல் 7.30 வரை, குளிகை 9 முதல் 10.30 வரை. சூலம் தெற்கு, பரிகாரம் தைலம். சந்திராஷ்டமம் எந்த நட்சத்திரத்துக்கு என்று ஒரு வரி. அப்புறம் பன்னிரண்டு ராசிக்கும் ஆளுக்கு ஒரே ஒரு சொல்: வரவு, செலவு, நன்மை, கவலை, பயணம், வெற்றி. இவ்வளவுக்கும் இடம் ஒதுக்கியபின் அடியில் மிஞ்சும் இடத்தில் பொன்மொழி. சில காலண்டர்களில் தாளின் பின்பக்கத்தில் வீட்டு வைத்தியக் குறிப்போ பொது அறிவோ ஒரு சிரிப்போ இருக்கும்.

நல்ல வார்த்தைக்குத் தேதித் தாள் கொடுத்த இடம் இதுதான். முதலில் நாள், பிறகு நேரம், பிறகு பயம், பிறகு பலன், கடைசியாக அறிவுரை. வாசிக்கிறவரின் கண்ணும் அதே வரிசையில்தான் போகிறது. தன் ராசிக்குக் 'கவலை' என்று போட்டிருப்பதைப் பார்த்தவர், அடியில் இருக்கும் 'கவலையை விடு' என்ற வரிவரைக்கும் இறங்கி வருவது அபூர்வம்.

குரலில் பிறந்தது

சுவாமிநாதன் அரியலூர் மாவட்டத்துத் தென்கச்சிப் பெருமாள் நத்தத்துக்காரர். வேளாண்மைப் பட்டம் பெற்றவர். வேளாண் அலுவலராக இருந்தார், சொந்த ஊரில் விவசாயமும் பார்த்தார், அதன் பிறகே வானொலிக்கு வந்தார். 1977 முதல் 1984 வரை திருநெல்வேலி வானொலி நிலையத்தில் விவசாய ஒலிபரப்பில் வேலை பார்த்தார்.   பருத்தியும் கம்பும் போட்டு மழைக்குக் காத்திருந்த சம்சாரிகளிடம் உரத்தையும் பூச்சியையும் பற்றிப் பேசிய காலம், அவருடைய நடையைச் செதுக்கிய காலம். வெயிலில் நின்றுவிட்டு வந்து களைப்போடு உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் அறிவுரை சொல்ல வேண்டுமென்றால் அதிகாரி தோரணை உதவாது. பக்கத்துத் திண்ணைக்காரர் பேச்சாக அது இருக்க வேண்டும். அவர் இதை அங்கே பழகிக்கொண்டார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

பின்னர் சென்னை நிலையத்துக்கு மாறி, 1988இலிருந்து 'இன்று ஒரு தகவல்' சொல்லத் தொடங்கினார். 2002இல் ஓய்வு பெறும்வரை 14 ஆண்டுகள் அது ஓடியது. பிறகு அந்தத் தகவல்கள் பல தொகுதிகளாகப் புத்தகமாயின. தொலைக்காட்சியிலும் அவர் அதே பாணியில் பேசினார்.

அந்தப் பாணியின் கட்டுமானத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். கோபம் பற்றிய பேச்சு என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். கோபம் வந்தால் உடம்பில் என்ன நடக்கிறது என்று மருத்துவர்கள் சொல்வது முதலில் வரும். அடுத்து ஒரு ஞானியோ மன்னனோ கிராமத்துப் பெரியவரோ வரும் ஒரு கதை. கேட்கிறவர் "ஆமாம், நாமும் இனிமேல் கோபப்படக் கூடாது" என்ற முடிவுக்கு வரும் நேரத்தில், கடைசியாக ஓர் ஆசாமி வருவான். இவ்வளவு நேரம் சொன்ன அறிவுரையைத் தப்பாகப் புரிந்துகொண்டோ அளவுக்கு மீறிப் பின்பற்றியோ வம்பில் மாட்டிக்கொள்வான். அதோடு பேச்சு நின்றுவிடும். குரலில் ஏற்ற இறக்கம் கிடையாது. அவர் சிரிக்க மாட்டார். சிரிப்பு முழுவதும் கேட்கிறவருக்கே.

தேதித் தாளில் அறிவுரை கடைசியில் வருகிறது. தென்கச்சியின் பேச்சில் சிரிப்பு கடைசியில் வருகிறது. கேட்டு முடித்த கையோடு அந்தச் சிரிப்பைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லத் தோன்றும். சிரிப்பைச் சொல்ல வேண்டுமென்றால் முன்னால் வந்த விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அப்படித்தான் அறிவுரையும் சேர்ந்தே ஊருக்குள் போனது.

பொறுக்கி எடுப்பது யார்?

இரண்டுக்கும் இடையே உள்ள முதல் பெரிய வேறுபாடு தேர்வில் இருக்கிறது. எந்தச் செய்தி, எந்தக் கதை, எந்த நாளில் என்று சுவாமிநாதன் தாமே பொறுக்கினார். முல்லா கதை, ஜென் கதை, நாட்டுப்புறக் கதை, மருத்துவச் செய்தி என்று எங்கிருந்து எடுத்தாலும் அது அவர் வாய் வழியாக வரும்போது அவருடைய சரக்காகிவிடும். இது நன்றாக இருக்கிறது, கேளுங்கள் என்று ஒரு மனிதர் நம்மிடம் பரிந்துரைக்கிறார். அவருடைய ரசனைமேல் நமக்கு ஒரு நம்பிக்கை உண்டாகிறது. நேற்று சொன்னது நன்றாயிருந்ததால் இன்றும் காது கொடுக்கிறோம்.

தேதித் தாளில் அந்த மனிதர் இல்லை. பஞ்சாங்கத்துக்கு ஆள் உண்டு. வாக்கியமா, திருக்கணிதமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ராசிபலனுக்குக்கூடக் கணித்தவர் பெயர் போடும் வழக்கம் சில காலண்டர்களில் இருக்கிறது. பொன்மொழிக்கு மட்டும் யாரும் பொறுப்பில்லை. முன்பே சேர்த்துவைத்த வரிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரே வரி ஓர் ஆண்டு விவேகானந்தர் பெயரிலும் மறு ஆண்டு அப்துல் கலாம் பெயரிலும் வந்தாலும் கேட்பார் இல்லை.

காலமும் இதற்கு ஒரு காரணம். ஆடியில் ஆல்பம் வெளியாகி, அடுத்தடுத்த மாதங்களில் தாள் அச்சாகிவிடுவதால், அடுத்த ஆண்டு டிசம்பரில் நாம் கிழிக்கப்போகும் வரி ஓராண்டுக்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. கிரகணம் என்றைக்கு என்று தாளுக்கு முன்கூட்டியே தெரியும். ஊரில் மழை பெய்ததா, தேர்தல் நடந்ததா, பக்கத்து ஊர் ஆலையில் விபத்து நடந்ததா என்பது அதற்குத் தெரிய வழியில்லை. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசி பக்கத்து முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறுநாள் காலையில் இந்தப் பகுதி வீடுகளில் கிழித்த தாளிலும் ஏற்கெனவே அச்சான ஏதோ ஒரு பொன்மொழிதான் இருந்திருக்கும். இது அச்சின் இயல்பு. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த இயல்பு தெரிந்தவர்கள் வரிகளை இன்னும் கவனமாகத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

சிரிப்பின் தரம்

இரண்டாவது வேறுபாடு நகைச்சுவை. காலண்டரை இலவசமாகக் கொடுப்பவர் கடைக்காரர். அவருடைய வாடிக்கையாளர் யாருக்கும் மனம் புண்படக் கூடாது. அதனால் தாளில் வரும் சிரிப்பு பழகிய தடத்தை விட்டு விலகாது: டாக்டர் நோயாளி, வாத்தியார் மாணவன், கணவன் மனைவி. மனைவியைக் கிண்டல் செய்யும் துணுக்கு யாரையும் புண்படுத்தாது என்று அச்சிடுகிறவர்கள் நினைக்கிறார்கள். தாளை அடுக்கும் கைகளில் எத்தனை கைகள் பெண்களுடையவை என்று யோசித்தால் அந்த நினைப்பு தவறு என்பது புரியும்.

வானொலிக்கும் கட்டுப்பாடு உண்டு. அது அரசு ஊடகம். கட்சி, மதம், சாதி எதையும் தொட முடியாது. கட்டுப்பாடு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதற்குள் என்ன செய்தார்கள் என்பதில்தான் ஏற்றத்தாழ்வு. சுவாமிநாதன் தனிப்பட்ட யாரையும் கிண்டல் செய்யவில்லை. மனித சுபாவத்தைக் கிண்டல் செய்தார். சோம்பல், பேராசை, வறட்டு கௌரவம், அறிவுரை சொல்லும் ஆசை இவையெல்லாம் அவருடைய பாத்திரங்கள். அந்த ஆசாமிக்கு ஊரும் பேரும் சாதியும் இருக்காது. கேட்கிற ஒவ்வொருவரும் அவனிடம் தன்னைக் கொஞ்சம் பார்த்துக்கொண்டார்கள். யாரையும் நோகடிக்காமல் எல்லோரையும் தொட்டது அவருடைய பெரிய சாதனை. தேதித் தாள் யாரையும் நோகடிக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து, யாரையும் தொடாமல் போகிறது.

கண்ணும் காதும் கையும்

இதுவரை தென்கச்சியின் பக்கமே தராசு தாழ்ந்தது. தாளுக்குச் சாதகமானவற்றையும் சொல்ல வேண்டும், அவையும் வலுவானவை.

வானொலி குறித்த நேரத்தில் வரும். அந்த நேரத்தில் காது கொடுக்காவிட்டால் போச்சு. பட்டாசு வட்டாரத்தில் காலை என்பது ஓட்டம். வெடிமருந்து வேலையை வெயில் ஏறும் முன் முடிக்க வேண்டும். ஆலைப் பேருந்தும் வேனும் விடியும்போதே வந்துவிடும். சோறு வடித்து, தூக்குச்சட்டியில் கட்டிக்கொண்டு ஓடுகிற பெண்ணுக்கு ஒரு கதையை நின்று கேட்க நேரம் ஏது? வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டியவர்களுக்கும் பட்டாசுக்கான காகிதக் குழாய் உருட்டியவர்களுக்கும் வானொலி நல்ல துணை; கைக்கு வேலை, காதுக்கு ஓய்வு. ஆலைக்குள் போனவர்களுக்கு அது கிடையாது. இன்றும் பட்டாசு ஆலையின் வேலை அறைகளுக்குள் செல்போன் கொண்டுபோக அனுமதி இல்லை. ஆகவே கைபேசியில் வரும் காலை வணக்கங்களும் கதைகளும் மாலைவரை காத்திருக்க வேண்டியதுதான்.

தேதித் தாள் அப்படியில்லை. அது எந்த நேரத்துக்கும் காத்திருக்கும். காலையில் பார்க்காதவர் ராத்திரி பார்க்கலாம். டீக்கடையில், சலூனில், ரேஷன் கடையில், ஆலை அலுவலகத்தில் எங்கே நின்றாலும் சுவரில் அது இருக்கும். காது கேளாதவருக்கும் அது பேசும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்குப் பாடப்புத்தகத்துக்கு வெளியே முதலில் கிடைக்கும் தமிழ் பல வீடுகளில் அதுதான். பாட்டிக்குக் கண் தெரியாமல் "இன்னைக்கு என்ன போட்டிருக்கு, படி" என்று பேரனைக் கேட்கும் வீடுகள் எத்தனையோ. அப்போது தாளுக்கும் ஒரு குரல் கிடைத்துவிடுகிறது.

கிழித்த பிறகும் தாளுக்கு வேலை முடிவதில்லை. வெற்றுப் பக்கம் உள்ள தாள் சின்னக் குறிப்பேடாகிவிடும். பால் கணக்கு, வட்டிக் கணக்கு, வாரக் கூலியில் முன்பணம் போக மீதி, ஆயிரம் குழாய்க்கு இவ்வளவு என்ற கணக்கு எல்லாம் அதில் ஏறும். கிழிக்காத தாளில் சிலிண்டர் மாற்றிய நாளுக்கு வட்டம் போட்டு வைப்பார்கள். பிடித்த வரி இருந்தால் சட்டைப் பைக்குள்ளோ சாமி படத்துக்குப் பின்னாலோ சொருகி வைப்பவர்களும் உண்டு. வானொலிக் குரலை யாரும் அப்படிச் சொருகி வைக்க முடியாது.

பரப்பிலும் தாள்தான் பெரியது. வானொலிப் பெட்டி இல்லாத வீடு உண்டு. இன்று பெரும்பாலான வீடுகளில் அது இல்லை. தேதி காலண்டர் இல்லாத தமிழ் வீட்டைக் காண்பது கடினம். கைபேசியில் தேதி தெரிந்த பிறகும் ராகு காலம் பார்க்கவும் முகூர்த்த நாள் பார்க்கவும் கை சுவர்ப்பக்கம்தான் போகிறது.

சொல்கிறவர் இருந்தால் என்ன ஆகும்?

ஆக, தாளிடம் இடமும் பரப்பும் ஆயுளும் இருக்கின்றன. தென்கச்சியிடம் தேர்வும் சிரிப்பும் பொறுப்பேற்கும் ஆளும் இருந்தன. இவற்றில் எது முக்கியம் என்பதை அறிய மூன்றாவது ஒருவர் உதவுவார். அவர் நடிகர் விவேக். கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்து மண்ணைச் சேர்ந்தவர்.

'மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்' என்ற அறிவுரை தமிழ்நாட்டில் எத்தனை ஆண்டு எத்தனை காலண்டரில், பேருந்தில், பள்ளிச் சுவரில் எழுதப்பட்டிருக்கும்! படித்தோம், கடந்து போனோம். அப்துல் கலாமின் ஊக்கத்தால் விவேக் 'கிரீன் கலாம்' என்ற பெயரில் மரம் நடுவதைக் கையில் எடுத்தபோது கதை மாறியது. ஒரு கோடி மரம் என்பது இலக்கு. கல்லூரி கல்லூரியாகப் போனார். பிள்ளைகளைச் சிரிக்கவைத்துவிட்டு ஒரு கன்றை நட்டுவிட்டு வந்தார். 2021 ஏப்ரல் 17ஆம் தேதி அவர் இறந்தபோது, நட்டவை 33 லட்சத்தைத் தாண்டியிருந்ததாகச் சொன்னார்கள். அவருக்கு அஞ்சலி செலுத்தியவர்கள் பல ஊர்களில் மரக்கன்று நட்டே அஞ்சலி செலுத்தினார்கள். அறிவுரையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. சொல்வதற்கு ஓர் ஆள் வந்தார். அந்த ஆள் நம்மைச் சிரிக்கவைத்தவர். வித்தியாசம் அவ்வளவுதான்.

சிரிக்கவைத்தவரின் சொல்லுக்கு நாம் ஏன் இவ்வளவு இடம் கொடுக்கிறோம்? நம்மைச் சிரிக்கவைக்கிறவர் நம் பலவீனங்களைத் தெரிந்தவர். அவை தெரிந்தும் நம்மை இகழாதவர். அவர் ஒன்றைப் பரிந்துரைத்தால் மேலிருந்து வரும் கட்டளையாக அது படுவதில்லை. அதனால்தான் நகைச்சுவை நடிகர் கலைவாணர் காலம் தொட்டுத் தமிழர்கள் நகைச்சுவையாளர்களிடம் புத்திமதி கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

இரண்டையும் சேர்த்தவர்கள்

தாளையும் ஆளையும் சேர்க்க முடியுமா என்ற கேள்விக்கு உலக அச்சு வரலாற்றில் பழைய விடை ஒன்று உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அச்சகம் நடத்திய பெஞ்சமின் பிராங்க்ளின், 1732 முதல் 1758 வரை ஆண்டுதோறும் ஒரு பஞ்சாங்கம் வெளியிட்டார். நம் தேதித் தாளைப் போலவே அதிலும் நாள், சந்திரன், வானிலை எல்லாம் உண்டு. முக்கியமான நாட்களுக்கு நடுவே மிஞ்சிய சின்னச் சின்ன இடங்களை அவர் சிக்கனத்தையும் உழைப்பையும் பற்றிய பழமொழிகளால் நிரப்பினார். ஆண்டுக்குப் பத்தாயிரம் பிரதிவரை அது விற்றது. வேறு புத்தகம் வாங்காத வீடுகளுக்குள் இது போகும் என்பது அந்த அச்சுக்காரருக்குத் தெரிந்திருந்தது.

அவர் செய்த முக்கியமான காரியம் வேறு. ரிச்சர்ட் சாண்டர்ஸ் என்ற கற்பனை ஆளை உருவாக்கி, அந்த ஏழை ஜோசியர் பேசுவதாகவே பஞ்சாங்கத்தை எழுதினார். அந்த ஆளுக்குக் கடன் உண்டு, சண்டைக்கு வரும் மனைவி உண்டு, கிண்டல் உண்டு. பழமொழிகள் பெரும்பாலும் ஊரார் சொன்ன பழையவைதான். ஆனால் ரிச்சர்ட் சொன்னதாக வந்தபோது அவற்றுக்கு உயிர் வந்தது, ஐரோப்பாவரை பரவின. ஜெர்மானிய மொழியிலும் யோஹான் பீட்டர் ஹெபல் என்ற பாதிரியார் 1800களின் தொடக்கத்தில் நாட்டு மக்களுக்கான காலண்டரில் எழுதிய சிரிப்புக் கதைகள் இன்றைக்கும் இலக்கியமாகப் படிக்கப்படுகின்றன. காலண்டரின் மூலையில் மிஞ்சிய இடத்தை எழுதத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தால் அது இலக்கியமாகும் என்பதற்கு இந்த இரண்டும் சாட்சி.

முடிவும் வேண்டுகோளும்

ஒப்பிட்டுப் பார்த்ததில் என் முடிவு இது. அன்றாடம் ஒரு நல்ல வார்த்தை என்ற வேலையைத் தென்கச்சி சுவாமிநாதன் தேதித் தாளைவிட மிகச் சிறப்பாகச் செய்தார். காரணம் வானொலி என்ற கருவி அன்று. தானே தேர்ந்தெடுத்து, தானே பொறுப்பேற்று, சிரிப்பையும் அறிவுரையையும் பிரிக்க முடியாதபடி முடிச்சுப் போட்ட ஒரு மனிதர் அங்கே இருந்தார் என்பதுதான் காரணம். கருவி என்று பார்த்தால் தாளே மேலானது. அது எல்லா வீட்டிலும் இருக்கிறது, எல்லா நேரமும் இருக்கிறது. நல்ல கருவி நம் ஊரில் தயாராகிறது. அதில் பேச ஆள் இல்லாமல் இருக்கிறது.

ஆகவே சிவகாசி, விஸ்வநத்தம் வட்டார அச்சக உரிமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாமி படத்துக்கு ஓவியரைத் தேடுகிறீர்கள். பஞ்சாங்கத்துக்கு ஜோதிடரைத் தேடுகிறீர்கள். தங்க நிற ஃபாயிலுக்கும் டை கட்டிங்குக்கும் ஆண்டுதோறும் புதுமை தேடுகிறீர்கள். தாளின் அடியில் இருக்கும் அந்த இரண்டு வரிக்கும் ஒருவரைத் தேடுங்கள். நம் பகுதியில் பட்டிமன்றம் பேசுகிறவர்கள், பள்ளி ஆசிரியர்கள், கரிசல் பழமொழியும் சொலவடையும் தெரிந்த பெரியவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருவரிடம் 365 வரியை ஒப்படையுங்கள். அட்டையின் பின்புறம் அவர் பெயரைப் போடுங்கள். பிறர் சொன்னதை எடுத்தால் சொன்னவர் பெயரைச் சரியாகப் போடச் சொல்லுங்கள். மனைவியைக் கிண்டல் செய்யும் துணுக்கை விட்டுவிட்டு, மனித சுபாவத்தைக் கிண்டல் செய்யச் சொல்லுங்கள்.

நம் ஊருக்கென்று இன்னொன்றும் செய்யலாம். உராய்வு கூடாது, வெயில் ஏறியபின் மருந்தைத் தொடக் கூடாது, பருத்தித் துணியே உடுத்த வேண்டும் என்று ஆலைச் சுவர்களில் எழுதிப் போட்டிருக்கிறோம். எழுதி எழுதி அது கண்ணுக்குப் பழகிப்போய்விட்டது. அதே விஷயத்தை நம் பேச்சில், சிரிக்கிறபடி, வாரம் ஒரு தாளில் ஒருவர் சொன்னால் அது வீட்டுக்குள் போகும். அப்பாவுக்கு மகள் படித்துக் காட்டுவாள். மறுநாள் வேலை அறையில் அது ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போகும்.

இதற்குப் புது இயந்திரமோ கூடுதல் காகிதமோ தேவையில்லை. அடுத்த ஆடிப்பெருக்கு ஆல்பத்துக்குள் ஏதாவது ஓர் அச்சகம் இதைத் தொடங்கட்டும்.